அரிசிப் பீப்பாயோடு போன கடிதம்

அன்புமிக்க நண்பர் இராமலிங்கம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேத்தி வேளாண் கல்லூரியில் சேர்ந்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். மூட்டுவலியால் நான் வெளியே போவது குறைந்து, வாசிப்பு கூடியிருக்கிறது. நலம் விசாரிப்பையும் நெல் விலையையும் ஒரே தாளில் எழுதுகிற உங்களுக்குப் பிடிக்கும் என்பதால், இப்போது படித்துவரும் பதினெட்டாம் நூற்றாண்டு அமெரிக்கத் தோட்ட உடைமைக் குடும்பங்களின் கடிதங்களைப் பற்றி எழுதுகிறேன்.

என்னை மிகவும் ஈர்த்தவை தெற்குக் கரோலினாவைச் சேர்ந்த எலைசா லூகாஸ் எழுதியவை. அவர் 1722இல் கரீபியக் கடலின் ஆன்டிகுவா தீவில் பிறந்தவர். 1739இல் ஸ்பெயினோடு போர் மூண்டபோது, படை அதிகாரியான தந்தை ஜார்ஜ் லூகாஸ் அத்தீவுக்குத் திரும்ப நேர்ந்தது, தாயாரோ நோயாளி, ஆகவே மூன்று தோட்டங்களின் நிர்வாகம் பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. கடிதம் ஏற்றிய கப்பல் வராமலே போவதும் உண்டு என்பதால், அனுப்பும் ஒவ்வொன்றின் நகலையோ சாரத்தையோ ஒரு நோட்டில் எழுதிவைப்பது அக்காலத்து உடைமையாளர்களின் வழக்கம். எலைசாவின் அந்த நோட்டுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அதில் தந்தைக்கு எழுதியவை மகளின் கடிதங்களா, காரியஸ்தரின் அறிக்கைகளா என்று பிரிப்பது கடினம். நீலச் சாயம் தரும் அவுரி, இஞ்சி, பருத்தி ஆகியவற்றைப் பயிரிட்டுப் பார்த்த விவரத்தை எழுதிய அதே நிதானத்தோடுதான், தமக்குப் பேசப்பட்ட வரனையும் மறுக்கிறார்: பெரு, சிலி நாடுகளின் செல்வமெல்லாம் அந்த மனிதரிடம் இருந்தாலும், அவரைக் கணவராக ஏற்கும் அளவுக்கு மதிப்பு தமக்கு வராதாம்.

முதல் ஆண்டு அவுரியை உறைபனி கெடுத்தது. பிறகு, தழையை ஊறவைத்து, சாற்றை அடுத்த தொட்டியில் அடித்துக் கலக்கி, சுண்ணாம்பு சேர்த்து, படிந்த வண்டலைக் கட்டியாக்கும் வேலைக்கு மான்ட்செராட் தீவிலிருந்து குரோம்வெல் என்பவரை வரவழைத்தார்கள். கரோலினாவில் இது தேறினால் தம் தீவின் வாணிபம் கெடும் என்று அஞ்சிய அவர், சுண்ணாம்பை அளவுக்கு மீறிப் போட்டு நிறத்தைக் கெடுத்தார் என்று, பல ஆண்டுகள் கழித்து மகனுக்கு எழுதிய கடிதத்தில் எலைசா சொல்கிறார். 1744இல் பயிர் தேறியது. விதையை அண்டைத் தோட்டக்காரர்களுக்கும் கொடுத்தார். அமெரிக்க விடுதலைப் போருக்குச் சற்று முன் அம்மாகாணத்தின் ஆண்டு ஏற்றுமதி பத்து லட்சம் பவுண்டு எடையைத் தாண்டிவிட்டது. அந்தப் போரோடு பிரிட்டனின் மானியமும் சந்தையும் கைவிட்டுப் போக, வணிகர்கள் இந்திய அவுரியை நாடினார்கள். வங்காள உழவர்கள் அதனால் பட்ட பாடு நீங்கள் அறிந்ததே.

வர்ஜீனியாவில் கடிதமும் வாணிபமும் கலந்த இதே உறவு புகையிலை வழியாக நடந்தது. ஜார்ஜ் வாஷிங்டனுக்கு லண்டனின் ராபர்ட் கேரி கம்பெனி நம்மூர்க் கமிஷன் மண்டி போலத்தான்: சரக்கை விற்றுத் தருபவரும், கேட்ட சாமானை வாங்கி அனுப்புபவரும், கடன் கொடுப்பவரும் ஒருவரே. மனைவியின் முதல் மணத்துப் பிள்ளைகளுக்குப் பொம்மைகள்கூட அவ்வழியே வந்தன. சட்டை அளவு சரியில்லை, சரக்கு மட்டம், விலை மட்டும் மட்டமில்லை என்று அவர் அலுத்துக்கொள்வதை நீங்கள் ரசிப்பீர்கள்.

ஆனால் என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது எலைசாவின் 1758ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. 1744இல் அவரை மணந்த சார்ல்ஸ் பிங்க்னி, இரு மகன்களையும் இங்கிலாந்தில் படிக்க விட்டுவிட்டு ஊர் திரும்பிய சில வாரங்களிலேயே காய்ச்சலால் இறந்துவிட்டார். பிள்ளைகளிடம் அச்செய்தியைப் பக்குவமாகச் சொல்லுமாறு பள்ளித் தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்திலேயே, கூட வரும் ஒரு பீப்பாய் அரிசியைப் பற்றியும் குறிப்பிடுகிறார்: பையன்களுக்கு அதை உதிரியாக வடித்து, ரொட்டிக்குப் பதிலாக இறைச்சியோடு உண்ணப் பிடிக்குமாம். மரணச் செய்திக்கு நடுவே சரக்கைப் பற்றிப் பேசுவது கல்நெஞ்சம் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கப்பல் எப்போதோ ஒருமுறைதான் புறப்படும். பாசமும் கணக்கும் அதில்தான் ஏறியாக வேண்டும்.

கல்நெஞ்சம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த அரிசியைச் சதுப்பு நிலத்தில் நின்று விளைவித்தவர்களும், நாற்றமெடுக்கும் அவுரித் தொட்டிகளைக் கலக்கியவர்களும் அடிமைகள். இரண்டு கறுப்பினச் சிறுமிகளுக்குத் தாம் படிக்கச் சொல்லித் தருவதை எலைசா தோழிக்குப் பெருமையாக எழுதுகிறார்; ஆனால் அவர்களை விடுவிப்பது பற்றி அங்கே பேச்சே இல்லை. பிற்காலத்தில் அவருடைய மூத்த மகன் சார்ல்ஸ் கோட்ஸ்வர்த், 1787இல் அரசியல் சட்டத்தை வகுத்த மாநாட்டில் அடிமை வணிகத்துக்கு ஆதரவாக வாதாடினார்.

ஒரு வேண்டுகோள். தென்னாற்காட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவுரி பெரிய பயிராக இருந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் பழைய தொட்டிகள் கிடப்பதாக முன்பு சொன்னீர்கள். அங்கே சாயம் எடுத்த குடும்பத்துப் பெரியவர் யாரேனும் இருந்தால், சுண்ணாம்பு சேர்ப்பார்களா, சேர்த்தால் எந்த அளவு, கொஞ்சம் மிஞ்சினால் நிறம் என்ன ஆகும் என்று கேட்டு எழுதுங்கள். குரோம்வெல் செய்தது வஞ்சகமா, வெறும் கைப்பிசகா என்பதில் எனக்கு இன்னும் ஐயம் தீரவில்லை.

அன்புடன்,
சபாபதி