உன் முழங்கைத் தழும்பு

அன்பு மகள் செல்விக்கு,

நாங்கள் இருவரும் நலம். பயல் வாளியைப் பிடித்து எழுந்து நின்று தண்ணீர் அளைகிறான் என்று நேற்று போனில் சிரித்துக்கொண்டே சொன்னாய். ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. நேரில் பேசினால் 'சரிம்மா, சரிம்மா' என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் முழங்கைத் தழும்பைப் பற்றி யார் கேட்டாலும், 'சின்ன வயசில் சேட்டை பண்ணி ரசத்தை ஊத்திக்கிட்டேன்' என்பாய். அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான். நடந்தது வேறு. அன்றைக்கு வீட்டில் விருந்தாட்கள், பந்தி நடக்கிறது. கொதிக்கக் கொதிக்க ரசக் குண்டானைக் கூடத்துத் தரையில் வைத்துவிட்டு, கரண்டி எடுக்க அடுப்படிக்குப் போனேன். தத்தித் தத்தி வந்து நீ அதன் விளிம்பைப் பிடித்தாய். ஒன்றேகால் வயசுப் பிள்ளைக்கு என்ன சேட்டை தெரியும்? விழாமலிருக்கப் பிடிமானம் தேடியிருக்கிறாய். அதை அங்கே வைத்தவள் நான்.

அப்புறம் செய்ததும் தப்புதான். பக்கத்து வீட்டு அக்கா பேனா மையைக் கொட்டினாள், நான் பற்பசையை அப்பினேன். காயம் எவ்வளவு ஆழம் என்றே டாக்டருக்குத் தெரியவில்லை. அவர் அதையெல்லாம் துடைத்தெடுத்தபோது நீ கதறியது இன்னும் என் காதில் இருக்கிறது. குழாயைத் திறந்து ஓடுகிற பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ஐஸ் கூடாது. பிறகு சுத்தமான துணியால் லேசாக மூடி, ஆஸ்பத்திரி. இவ்வளவுதான் விஷயம், எனக்கு அப்போது தெரியாது.

வாளிக்கு வருகிறேன். இந்த வயசில் உடம்புக்கு மீறித் தலை கனம். தலைகுப்புற உள்ளே விழுந்தால் தானாக வெளியே வர முடியாது, சத்தமும் கேட்காது. நாலு விரற்கடைத் தண்ணீரே போதும். உங்கள் பக்கம் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வருகிறது, பிடித்து வைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. இறுக மூடுகிற டிரம்மில் பிடி. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்துவிடு.

இன்னொன்று. மாப்பிள்ளை கார் சாவியைக் கொடுத்துப் பயலைச் சமாதானம் பண்ணுகிற போட்டோவைப் பார்த்தேன். அந்தச் சாவிக்குள் காசு மாதிரி தட்டை பேட்டரி இருக்கும். விழுங்கித் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடு, வாந்தி எடுக்க வைக்காதே. நான் சொன்னதாக அவரிடம் சொல்லாதே, நீயே சொல்வதுபோல் சொல். வேர்க்கடலையும் இப்போது வேண்டாம். உன் பெரியத்தை ஆசையாக நீட்டுவாள், அவளை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை ரயிலில் வருகிறோம். குளியலறைக் கதவில் உயரத்தில் போட அப்பா ஒரு தாழ்ப்பாள் வாங்கிவிட்டார். கதவு மரமா பிளாஸ்டிக்கா என்று கேட்கச் சொன்னார், அதற்குத் தகுந்த ஸ்க்ரூ எடுத்து வரவேண்டுமாம். போன் போட்டுச் சொல்.

இப்படிக்கு,
அம்மா