அக்காவுக்கு: அந்த 11.2 பற்றி

அன்புள்ள அக்கா,

அம்மாவை மருத்துவமனையில் சேர்த்து இன்றோடு ஓராண்டு ஆகிறது. நடந்தவை உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். தைராய்டு மாத்திரையை மருத்துவர் குறைக்கச் சொன்னார் என்று அன்று உன்னிடம் சொன்னது பொய். குறைத்தவன் நான்.

மாசி மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில், தைராய்டுக்காகப் பார்க்கும் டி.எஸ்.எச். அளவு 11.2 என்று வந்தது. இயல்பு அளவு 0.4 முதல் 4.2 வரை என்று பக்கத்திலேயே அச்சிட்டு, அம்மாவின் எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். தைராய்டு கூடிவிட்டது, ஆகவே மாத்திரையும் கூடிவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. அது வரை காத்திருப்பது ஆபத்து என்றுதான் நினைத்தேன், அக்கா, அதை நீ நம்ப வேண்டும். மறுநாள் காலையே 100 மைக்ரோகிராம் மாத்திரையைப் பிளேடால் கீறி இரண்டாக்கினேன். மூன்று வாரம் கழித்து அலுவலகத்தில் நெருக்கடி. சரிசெய்துவிட்டோமே என்ற துணிவில் மருத்துவரிடமும் போகவில்லை.

டி.எஸ்.எச். தைராய்டு சுரக்கும் ஹார்மோனே அல்ல. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதைச் சுரக்கிறது. தைராய்டு சுரப்பதும் அம்மாவின் மாத்திரையில் இருப்பதும் தைராக்சின். ரத்தத்தில் அது குறைந்தால், இன்னும் கொடு என்று தைராய்டைக் கேட்பதற்காக டி.எஸ்.எச். கூடும். தைராக்சின் மிகுந்தால் டி.எஸ்.எச். அடங்கிவிடும். அப்படியானால் 11.2 என்பது, கொடுப்பது போதவில்லை என்று அம்மாவின் உடல் சொன்ன சொல். பசிக்கிறது என்றவளின் தட்டிலிருந்து பாதியை எடுத்துவிட்டேன். ரத்தத்திலுள்ள தைராக்சினைக் காட்டும் ஃப்ரீ டி4 அளவையும் சேர்த்து எடுத்திருந்தால், அது கூடவில்லை என்பதைப் பார்த்தாவது என் கை நின்றிருக்கும். ஒன்று போதும் என்று பணம் கட்டியவனும் நான்தான்.

அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள் மதியம். மந்தைவெளித் தெருவில் தார் இளகிக் கிடந்தது. அம்மா கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, காசிக்குப் போனபோது வாங்கிய கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு முளைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "குளிருதுடா" என்றாள், குரல் கட்டிப்போய் வேறு யாரோ பேசுவது போலிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. மின்விசிறியைச் சுழலவிட்டு உள்ளே போய்விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது அதே கட்டு பாதிகூடக் குறையவில்லை. இலைகள் குப்பைத் தாளில் கிடந்தன, வேர்கள் முறத்தில் இருந்தன. மறுபடி எழுந்து அந்தச் சுவிட்சை அணைக்க அவளுக்குத் தெம்பில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. வயதாகிவிட்டது, மறதி தொடங்கிவிட்டது என்று அன்றிரவு உனக்குத்தான் செய்தி அனுப்பினேன். அடுத்த வாரம் மருத்துவமனையில் சேர்த்தபோது டி.எஸ்.எச். 64. நாடித்துடிப்பு 48.

கூடவே இருந்தும் கண்ணில்லையா என்று நீ கேட்டாய். அதன் பிறகு நீ சொன்னவற்றை இங்கே எழுத மாட்டேன். சித்தப்பா வீட்டாரும் இதைப் படிப்பார்கள். ஆனால் பத்து இரவும் அந்த அறையில் படுத்திருந்தவன் நான். நீ நான்காம் நாள் சிங்கப்பூரிலிருந்து வந்து ஏழாம் நாள் திரும்பிவிட்டாய். அந்த மூன்று நாளும் அவளுடைய கொத்துக் கொத்தாக உதிர்ந்த முடியை வலிக்காமல் வாரி, எலிவாலாக மிஞ்சியதைப் பின்னிவிட்டாயே, அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எலும்புக்கு நல்லது என்று நீ அனுப்பிய கால்சியம் மாத்திரையை, மறக்காமல் போடு என்று நீ தினமும் தொலைபேசியில் சொன்னதால், அம்மா காலையில் தைராய்டு மாத்திரையோடு சேர்த்தே விழுங்கிவந்தாள். கால்சியம் தைராக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது வேண்டும். முதலில் 11.2 ஆனதற்கு அதுவே காரணமாயிருக்கும் என்றார் மருத்துவர். உன் மனம் நோகக் கூடாதென்று மறைத்தேன் என்றுதான் ஓராண்டாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கால்சியத்தைச் சொன்னால் பிளேடையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதே உண்மை. அதே சமயம், எல்லாப் பழியையும் நான் ஒருவனே சுமந்ததில் எனக்கு உன்மேல் கோபமும் இருந்தது.

இப்போது காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்சியம். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும் என்பதால், அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் மறுபரிசோதனை செய்கிறார்கள். போன மாதம் 2.9. கீரையை அவளே ஆய்கிறாள்.

அம்மாவுக்கு ரத்தத்தில் ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) இருப்பதாகக் கண்டார்கள். உடல் தன் தைராய்டையே தாக்கும் இந்தக் கோளாறு குடும்பத்தில் தொடரக்கூடியது. பெண்களுக்கே அதிகம் வருகிறது. அசதியாக இருக்கிறது என்று பொங்கலன்று நீ அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. தயவுசெய்து பரிசோதித்துக்கொள். முடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் வைட்டமினை இரண்டு நாள் முன்பாவது நிறுத்திவிடு. சில பரிசோதனை முறைகளில் அது டி.எஸ்.எச். அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்பு. நான் அதற்குப் பொருள் சொல்ல மாட்டேன். மருத்துவரை என்று பார்க்கிறாய் என்று மட்டும் கேட்பேன்.

உன் தம்பி