பக்கிங்காம் கால்வாய்க்காரன்

அன்புள்ள சேகர்,

போன தடவை பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கருப்பாகக் கிடந்த தண்ணீரைக் காட்டி, "லண்டன் பக்கிங்காம் அரண்மனைக்கும் இந்தப் பக்கிங்காம் கால்வாய்க்கும் என்னடா சம்பந்தம்?" என்றாய். அப்போது மழுப்பிவிட்டேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். சம்பந்தமே இல்லை. அரண்மனைக்குப் பெயர் கொடுத்த பக்கிங்காம் பிரபு வேறு குடும்பம்.

கால்வாய்க்குப் பெயர் கொடுத்த நம்ம ஆளின் கதை, இங்கிலாந்தில் ஸ்டோ என்கிற பெரிய பண்ணையில் தொடங்குகிறது. அதன் சொந்தக்காரர் கோபம் பிரபுவுக்கு (கோபக்காரர் இல்லை, பட்டமே அதுதான்) பிள்ளை இல்லை. தனக்குப் பின் பட்டம் தங்கைக்குப் போகட்டும் என்று 1718-லேயே அரசரிடம் எழுதி வாங்கிவிட்டார். தங்கை ஹெஸ்டரை, கிரென்வில் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். 1749-ல் அண்ணன் இறந்ததும் சொத்தும் பட்டமும் அவளுக்கு வந்தன. அதே வருஷம் 'டெம்பிள் சீமாட்டி' என்ற புதுப் பட்டமும் சேர்ந்தது. டெம்பிள் அவள் பிறந்த வீட்டுப் பெயர். கோயில் என்று அர்த்தம் வருகிறதே என்று தோட்டம் முழுக்கக் கோயில் கோயிலாகக் கட்டி வைத்திருந்தார்கள்!

அவள் மகளைக் கட்டியவர் பிரதமரான வில்லியம் பிட். அவருடைய தாத்தா தாமஸ் பிட் நம்ம கோட்டையில் கவர்னராக இருந்து, பெரிய வைரம் வாங்கி விற்றவர். ஆக, சென்னை அப்போதே எட்டிப் பார்த்துவிட்டது.

ஹெஸ்டரின் பேரன் ஜார்ஜ்தான் எனக்குப் பிடித்த ஆள். 1783-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மசோதா பிரபுக்கள் சபைக்கு வந்தது. ஆதரித்து ஓட்டுப் போடுபவன் தனக்கு எதிரி என்று அரசர் சொன்னதாக, கையில் சீட்டோடு பிரபு பிரபுவாகப் போய்க் காட்டியவர் இவர். மசோதா தோற்றது, மந்திரிசபையும் போனது. ஜார்ஜின் அத்தை மகன், அந்த வில்லியம் பிட்டின் பிள்ளை, 24 வயது சின்ன பிட் பிரதமரானார். ஜார்ஜுக்கு அடுத்த வருஷம் 'பக்கிங்காம் மார்க்விஸ்' பட்டம் கிடைத்தது. ஆசைப்பட்டதென்னவோ அதற்கும் மேலான ட்யூக் பட்டத்துக்கு. அரசர் கடைசிவரை கொடுக்கவில்லை.

அது 1822-ல் மகனுக்குத்தான் வாய்த்தது. அதற்குள் ஒவ்வொரு பணக்காரச் சம்பந்தத்துக்கும் ஒரு பெயர் ஒட்டி, டெம்பிள்-நுஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில் என்று நீண்டுவிட்டது. கையெழுத்துப் போடவே அரை நாள் ஆகியிருக்கும். கடனும் கூடவே நீண்டது. 1848-ல் ஸ்டோ மாளிகைச் சாமான்களை 40 நாள் ஏலம் போட்டார்கள்.

மூன்றாவது ட்யூக்தான் 1875-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டிய துண்டோடு அவர் பெயர் கால்வாய்க்கு வந்தது. எலும்பும் தோலுமாக மண் சுமந்தவர்கள் பெயரை யார் வைத்தார்கள், சொல்லு? அவருக்கு மூன்று மகள்கள், மகன் இல்லை. இந்த ட்யூக் பட்டம் பெண்ணுக்குப் போகாது. 1889-ல் அவரோடு முடிந்தது.

தை மாதம் வருகிறாய் அல்லவா? மயிலாப்பூரில் இறங்கி நடக்கலாம். மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு துண்டு எடுத்து வா.

அன்புடன்,
ராமு