கண்டி ஏரியும் நம்ம பாலாற்றங்கரையும்

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இலங்கையைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோரும் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். உனக்கு லீவு கிடைக்காமல் போனதில்தான் எங்கள் எல்லோருக்கும் மனசு ஆறவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சென்னையில் விமானம் ஏறி ஒன்றேகால் மணி நேரத்தில் கொழும்பு. நம்ம வீட்டிலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேர அதைவிட அதிக நேரம் ஆயிற்று. காலிமுகத்திடலில் குட்டிப்பையன் பட்டம் விட்டான், இறால் வடை தின்றான். மியூசியத்தில் கண்டி ராஜாவின் சிம்மாசனத்தைப் பார்த்தோம். தங்கத் தகடு போர்த்தியது. கை வைக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சிங்கம். வெள்ளைக்காரர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, 1934-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே நிற்கும்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கண்டிக்குப் போன பிறகுதான் உறைத்தது.

கண்டியில் எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றிய ஆட்டோக்காரர் மலையகத் தமிழர். எந்த ஊர் என்று கேட்டார். வேலூர் என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "எங்க ராசா செத்தது உங்க ஊர்லதானே ஐயா? அவரோட சமாதி இப்ப எப்படி இருக்கு? நல்லா வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சமாதி இருக்கும் இடத்தை முத்து மண்டபம் என்று பஸ்ஸில் போகும்போது காட்டியிருக்கிறேனே தவிர, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட உள்ளே போய் நின்றதில்லை. உன்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனதும் இல்லை.

மறுநாள் விடியற்காலையில் நான் மட்டும் எழுந்து ஏரிக்கரைக்குப் போனேன். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு முன்னால் அந்த ஏரி. நெல்வயலாக இருந்த இடத்தில் அணை போட்டு 1807-ல் வெட்டியவர் அந்த ராஜாதான், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பேர் கண்ணுசாமி. நாயக்கர் வம்சம், தமிழ் பேசிய குடும்பம். கரைச் சுவரில் அலை அலையாக வளைவு, அதில் முக்கோணப் பொந்துகள், விளக்கு ஏற்றுவதற்கு. ஒரு பொந்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரமும் பாசியும்தான். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது, குளிருக்கு அம்மாவின் சால்வையைப் போர்த்தியிருந்தேன்.

அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை, பாப்பா. எகலப்பொல என்ற மந்திரியின் பெண்டாட்டி பிள்ளைகளைக் கொல்ல வைத்தவர் அவர். ஆனால் 1815-ல் வெள்ளைக்காரர்கள் பிடித்து, மறு வருஷம் கப்பலேற்றி, நம்ம கோட்டையில் கொண்டுவந்து அடைத்தார்கள். 1832-ல் சாகும்வரை பதினாறு வருஷம் இங்கேயேதான். அந்தத் தூறலில் பிறந்து வளராவிட்டாலும் ஆண்டு அனுபவித்த மனுஷன், நம்ம ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு எத்தனை சித்திரை வைகாசியைத் தள்ளியிருப்பார்! கோட்டைக்குள் கண்டி மகால் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஏன் அந்தப் பேர் என்று நீ சின்ன வயசில் கேட்டாய். ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது சொல்கிறேன், இதற்காகத்தான்.

அப்புறம் நுவரெலியா. ஏஜென்ட் ரிசர்வேஷன் போடாததால் நானுஓயா வரை ரயிலில் நின்றுகொண்டே போனோம். அதனால்தான் அம்மாவுக்கு முழங்கால் வலி. தேயிலைத் தோட்டத்தைப் பார்த்ததும் வலியை மறந்துவிட்டாள்.

திருகோணமலையில் கோணேசர் தரிசனம். சம்பந்தர் பாடிய தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்துவிட்டார்கள், இப்போது இருப்பது பிறகு எழுந்தது. கீழே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு, பார்த்தாலே தலை சுற்றுகிறது. யாழ்ப்பாணத்தில் நூலகத்துக்குள் போனோம், 1981-ல் எரித்தார்களே, அதுதான். வெள்ளை வெளேரென்று திரும்பக் கட்டியிருக்கிறார்கள். தம்பி வெளியே வந்து வெகுநேரம் பேசவில்லை. நல்லூர் கந்தசாமி கோயில் வாசலில் ஒரு அம்மா, "இந்தியாவிலயிருந்தோ வந்தனீங்கள்?" என்று கேட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தமிழைக் கேட்கவாவது நீ ஒருமுறை போகவேண்டும்.

ஊர் வந்த மறுநாளே அம்மாவும் நானும் முத்து மண்டபம் போனோம். 1990-ல் கட்டியது. பாலாற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். அம்மா கையோடு கொண்டுபோன மல்லிகைச் சரத்தைச் சமாதி மேல் வைத்தாள். அந்த ஆட்டோக்காரர் நம்பர் கொடுத்திருந்தார். போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் பண்ணிவிட்டார், பேச முடியாமல் குரல் தழுதழுத்தது.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, உன்னையும் மாப்பிள்ளையையும் அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன். காலையிலேயே போய்விடலாம், வெயில் ஏறினால் அம்மாவுக்கு ஆகாது.

அன்புடன்,
அப்பா