கால்நடை டாக்டர் வந்து சேரும் நேரத்தையும் கணக்கெடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கால்நடை, பால்வளம், மீன்வளத் துறைகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. எத்தனை கோடி ஒதுக்கினார்கள், எத்தனை பேருக்கு ஆடு கொடுத்தார்கள், எந்த அமைச்சர் தொடங்கி வைத்தார் என்பதெல்லாம் வந்துவிடுகிறது. மாடு படுத்துவிட்டது என்று கூப்பிட்டால் டாக்டர் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தார் என்பது மட்டும் எதிலும் வருவதில்லை. மாடு வைத்திருக்கிற எங்களுக்கு அரசிடம் வேண்டியதில் முதலாவது அதுதான், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நன்றாகக் கறக்கிற கலப்பினப் பசு கன்று போட்ட ஓரிரு நாளில் ரத்தத்தில் கால்சியம் இறங்கிப் படுத்துவிடுவது உண்டு. எங்கள் மாட்டுக்கும் வந்தது. காது சில்லிட்டுப்போய், தலையை விலாப் பக்கம் மடக்கி வைத்துக்கொண்டு, எவ்வளவு தட்டி எழுப்பியும் எழவில்லை. இரவு நேரம், அரசு மருந்தகம் பூட்டியிருந்தது, கடைசியில் தெரிந்த ஒரு டாக்டர் சொந்த வண்டியில் வந்து செல்போன் வெளிச்சத்தில் கழுத்து நரம்பில் கால்சியம் பாட்டிலை ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்பதால் ஒரு கையில் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தபடியே சொட்டுச் சொட்டாக விட்டார். பாட்டில் முடிவதற்குள் மாட்டுக்கு ஏப்பம் வந்தது, உடம்பு நடுங்கியது, சாணி போட்டது, அப்புறம் தானாக எழுந்து நின்று கன்றைத் தேடியது. அந்த மருந்து ஒன்றும் பெரிய விலை இல்லை. ஆள் நேரத்துக்கு வந்ததால் மாடு பிழைத்தது, விடியட்டும் என்று விட்டிருந்தால் தொடைத் தசை நசுங்கி அது எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

சினை ஊசியும் இப்படித்தான். மாடு பருவத்துக்கு வந்து காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி என்பது மாடு வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த நேரம் தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும், அத்தனை நாளும் தீனி செலவு, கன்று ஈனுவதும் அத்தனை நாள் தள்ளிப்போகும், பால் வருவதும் தள்ளிப்போகும். ஞாயிற்றுக்கிழமையிலும் பொங்கல் விடுமுறையிலும் மாடு பருவத்துக்கு வரத்தான் செய்கிறது. மத்திய அரசு 2014-இல் மாட்டு இனங்களை மேம்படுத்த ராஷ்ட்ரிய கோகுல் மிஷன் என்ற திட்டத்தைத் தொடங்கியது, இப்போது 100-க்கு 90 கிடேரிக் கன்று கிடைக்கும் என்று பாலினம் பிரித்த உறைவிந்தும் வந்துவிட்டது. நல்ல விஷயம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த உறைவிந்துக் குச்சி மாட்டின் பருவ நேரத்தில் வந்து சேராவிட்டால் பயன் என்ன?

5,000 கால்நடை அலகுக்கு (ஆடு, கோழிகளையும் மாட்டுக் கணக்கில் மாற்றிச் சொல்லும் அளவு) ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய வேளாண் ஆணையம் 1976-இலேயே சொல்லிவிட்டது. நடைமுறையில் ஒரே டாக்டர் தன் மருந்தகத்தோடு காலியாகக் கிடக்கும் பக்கத்து மருந்தகத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். 1962 என்ற போன் எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி உண்மையிலேயே பெரிய உதவி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்பதுதான் அதற்கான கணக்கு. ஒரே ராத்திரியில் இரண்டு மூலையிலிருந்து அழைப்பு வந்தால் அந்த டிரைவரும் டாக்டரும் என்ன செய்வார்கள்? மருந்தகத்தின் காலியிடத்தை நிரப்பினால்தான் அந்த வண்டிக்கும் சுமை குறையும்.

ஊழியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 2019-இல் தொடங்கிய தேசிய நோய்த் தடுப்புத் திட்டத்தில் கோமாரி ஊசி போட விடியற்காலையிலேயே ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக வருகிறவர்கள் அவர்கள்தான். அந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் கொஞ்சம் குறையும் என்று பயந்து சிலர் மாட்டை வயலுக்கு ஓட்டிப்போய்விடுகிறார்கள். முந்தின நாளே சொசைட்டியில் பால் ஊற்ற வரும்போது ஒருவர் நின்று விளக்கிச் சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள், இதை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பால்வளத் துறையும் கால்நடைத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது, ஆளுக்கொரு பக்கம் போனால் நடக்காது.

மீன் வளர்ப்பவர்களுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. கட்லா, ரோகு விட்ட குளத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவது விடியற்காலையில்தான், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும்போது உடனே தண்ணீர் மாற்றவோ ஏரேட்டர் போடவோ சொல்ல ஆள் வேண்டும். ஒரு போன் எண்ணை அந்த நேரத்தில் யாராவது எடுத்தாலே போதும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது என்பதும் முன்கூட்டியே தெரிந்த தேதிதான், ஆகவே தடைக்கால நிவாரணம் அந்தக் குடும்பங்களின் கையில் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. விவசாயிகளுக்கான கடன் அட்டையான கிசான் கிரெடிட் கார்டை மாடு, மீன் வளர்ப்பவர்களுக்கும் தரலாம் என்று 2018-19 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நிலமே இல்லாமல் இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் பட்டா கேட்டால் அந்த அறிவிப்பு அவர்களை எப்படி எட்டும்? துறை அதிகாரி ஒருவர் வங்கிக்கு உடன் போய்ப் பேசினால் பல விண்ணப்பங்கள் நகரும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மானியக் கோரிக்கை விவாதம் வருவதற்குள், 1962-க்கு வந்த அழைப்புகளில் எத்தனைக்கு எவ்வளவு நேரத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது, எத்தனை மருந்தகங்களில் டாக்டர் இல்லை என்பதை உங்கள் நிருபர்களைக் கொண்டு மாவட்டவாரியாகக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கறவை மாடு வளர்க்கும் ஒரு வாசகர்