ஆறாவது மாடியிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. குளிருக்கு என்ன செய்கிறாய், வீடு வசதியா என்று கேட்டிருந்தாய். வசதிதான். அறை ஆறாவது மாடியில், தகரக் கூரைக்கு நேர் கீழே. லிஃப்ட் கிடையாது, உடம்புக்கு நல்லதென்று வைத்துக்கொள்.

1853க்குப் பிறகு ஓஸ்மான் என்கிற அதிகாரி பாரிஸின் பழைய சந்துகளை இடித்து அகலமான சாலைகளைப் போட்டாரே, அந்தக் காலத்துப் பாணிக் கட்டடம் இது. லிஃப்ட் இல்லாததால் காசுள்ளவர்கள் இரண்டாம் மாடியில் பால்கனியோடு இருந்தார்கள், வேலைக்காரப் பெண்கள் உச்சியில், பின்பக்கப் படி வழியாக. எனக்கும் அதே பின்படிதான். நம் புதுச்சேரியில் வெள்ளைக்காரர் பக்கத்தையும் தமிழர் பக்கத்தையும் பெரிய வாய்க்கால் பிரித்தது, இங்கே படிக்கட்டு. யார் யாரோடு பேசலாம் என்பதையும் சேர்த்தே ஊரைக் கட்டுகிறார்கள் போல.

பக்கத்து அறைக் கிழவி இருக்கிறாளே, நான் கடுகு தாளித்தால் போதும், துடைப்பக் கட்டையால் சுவரில் இடிப்பாள். படியில் பார்த்தால் ஒரு 'போன்ழூர்', அதோடு சரி. போன ஞாயிறு வத்தக்குழம்பு வைத்தேன், சத்தமே இல்லை. கதவைத் திறந்தால் கையில் ரொட்டியோடு நிற்கிறாள், தொட்டுப் பார்க்க வேண்டுமாம்!

மளிகைக்கு இங்கே லா ஷப்பேல் என்கிற வட்டாரம்தான். ஈழத்துக்காரர்கள் வந்து கடை போட்டு அந்தத் தெருக்களையே மாற்றிவிட்டார்கள். மாணிக்க விநாயகர் தேரின்போது நடுரோட்டில் மலைமலையாகத் தேங்காய் உடைக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் வாயைப் பிளந்து பார்க்கிறார்கள். முருங்கைக்காய் விலையை மட்டும் கேட்காதே. இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளிப் போகும், வங்கியில் ஏதோ நடைமுறையாம், வேறொன்றும் இல்லை.

சாயங்காலம்தான் ஒரு மாதிரி இருக்கிறது. கதவுக்கெல்லாம் ரகசிய எண், வாசலில் யாரும் உட்காருவதில்லை. வைசியாள் வீதியில் அப்பா திண்ணையில் உட்கார்ந்தால் தெருவில் போகிற ஒருவர் விடாமல் நின்று பேசிவிட்டுத்தானே போவார்கள். 'சாப்பிட்டியா' என்று என்னை யாராவது கேட்டு எவ்வளவு நாளாச்சு அக்கா.

அதனால்தான் சொல்கிறேன், திண்ணையை இடித்துக் கடை கட்டும் யோசனையை மாமா விட்டுவிடட்டும். கடைதான் வேண்டுமென்றால் பின்கட்டைச் சரிசெய்து வாடகைக்கு விடலாம். சித்தப்பா கையெழுத்துக் கேட்டால் உடனே போட்டுவிடாதே, முதலில் பத்திரத்தைக் காட்டச் சொல், வில்லங்கம் போட்டுப் பார். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறதா என்று எழுது. என் பங்குக்குத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்புகிறேன், வாடகைக்கு மட்டும், விற்பதற்கு இல்லை. அம்மாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானால் தெரிவி.

உன் தம்பி