இரவுகளில் சுருதி சேர்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புக்குரிய உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் பெரும்பாலோருக்கு என்னைத் தெரியாது. தமிழில் எழுதிய இந்த மடல் உங்கள் கண்ணில் படுமா என்பதும் சந்தேகம்தான். ஆனாலும் என் மொழியில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். 2019 தீ விபத்துக்குப் பிறகு, பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தின் பெரிய ஆர்கனை, ஆயிரக்கணக்கான குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் அந்தக் கருவியை, தூசியிலிருந்து மீட்டு, மறுபடி பேச வைத்தவர்களே, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.

எனக்குச் சொந்த ஊர் புதுச்சேரி. பாரிஸுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அப்பா எங்கள் பங்குக் கோயிலில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆர்மோனியம் வாசித்தவர். பூசையில் நற்கருணை வாங்க வரிசை நீளும். பாட்டின் மூன்று சரணமும் முடிந்துவிடும், வரிசை முடிந்திருக்காது. பாடகர் குழு ஓய்ந்ததும் அப்பா அதே மெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, விரல் போன போக்கில் வாசித்துக்கொண்டே இருப்பார். கடைசி ஆள் தன் இடத்துக்குத் திரும்பி முழங்காலிடும் நேரம் பார்த்து வாசிப்பும் ஸட்ஜத்தில் வந்து உட்காரும். அது எழுதிவைத்ததல்ல. அடுத்த ஞாயிறு அதையே கேட்டால் அவருக்கே வராது.

நோத்ர்தாமில் நான் பார்த்த முதல் ஞாயிறு பூசையில், கடைசிப் பாட்டு முடிந்த கையோடு மேலே இருந்த ஆர்கன் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டது. முதலில் நாலே சுரம். பிறகு அதையே தலைகீழாக்கி, கால் கட்டைகளுக்கு இறக்கி, பத்து நிமிஷம் கோயிலையே கிடுகிடுக்க வைத்தது. என் பக்கத்தில் ஒரு முதிய பிரெஞ்சு அம்மாள். "இது யார் எழுதியது?" என்று கேட்டேன். "யாரும் எழுதவில்லை. இப்போதுதான் உண்டாகிறது. பேசாமல் கேளுங்கள்" என்றார். அம்மா, உங்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் அதன்பின் பல ஞாயிறுகள் அதே பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து வைத்தீர்கள். காதைத் திறந்துவிட்டவர் நீங்கள்தான். முதல் நன்றி உங்களுக்கு.

நம் கச்சேரியில் பல்லவியின் ஒரு வரியை எடுத்து விரிப்பார்களே, அந்த மனோதர்மத்துக்கு மிக நெருக்கமான ஒன்று பிரெஞ்சு ஆர்கன் மரபில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வேறு பல நாடுகளில் எழுதிய இசையே ஆர்கனில் முதலிடம் பெற்றுவிட்டது. இங்கே கன்செர்வத்துவார் என்னும் பாரிஸ் இசைக் கல்லூரியில், 1872இல் ஆர்கன் வகுப்புக்கு ஆசிரியராக வந்த இசையமைப்பாளர் செசார் ஃபிராங்க், பாடத்தின் பெரும்பகுதியை இதற்குத்தான் கொடுத்தார். கொடுத்த சுரவரிசையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பாடுவதுபோன்ற இசை வடிவம்) கட்ட வேண்டும். அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்தான் லூயி வியெர்ன். கிட்டத்தட்டப் பார்வையில்லாத மனிதர். 1900 முதல் 1937 வரை நோத்ர்தாமின் ஆர்கன் அவருடையது.

அவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இந்த மடலை எழுத முடியாது. 1937 ஜூன் 2. அவருடைய 1750ஆவது கச்சேரி. எழுதிய இசையை வாசித்து முடித்துவிட்டு, அடுத்துக் கற்பனையில் வாசிக்க வேண்டிய கட்டம். அதற்கான மெட்டைப் பிரெய்ல் எழுத்தில் கொடுத்திருந்தார்கள். விரலால் தடவிப் படித்தார். வாசிப்பைத் தொடங்கும் முன்பே நெஞ்சைப் பிடித்துச் சரிந்தார். கால் கீழ் வரிசையில் 'மி' கட்டையின் மேல் விழுந்தது. அந்த ஒற்றைச் சுரம் மட்டும் கோயில் முழுக்க ஒலித்தது. பக்கத்தில் நின்றவர் இன்னொரு ஆர்கன் கலைஞரான மொரிஸ் துருஃப்ளே. 1928இல் வியெர்ன் இதே ஆர்கனில் கற்பனையாக வாசித்து இசைத்தட்டில் பதிவான மூன்று துண்டுகளைப் பிற்பாடு காதால் கேட்டுக் கேட்டுத் தாளில் இறக்கிக் கொடுத்தவரும் அதே துருஃப்ளேதான். ஒருவர் ஒருமுறை வாசித்துவிட்டுப் போனதை இன்னொருவர் பொறுமையாக உட்கார்ந்து எழுதுகிறார். இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியவில்லை. 1955 முதல் 1984 வரை இங்கே வாசித்த பியெர் கோஷ்ரோவுக்கும் அப்படி எழுதிக் கொடுக்க ஆள்கள் கிடைத்தார்கள். ஆங்கிலேயர் டேவிட் பிரிக்ஸ் பல ஆண்டுகளை அதற்கே செலவிட்டார். உங்களுக்கும் வணக்கம்.

2019 ஏப்ரல் 15. புனித வாரத்துத் திங்கள் மாலை. சேன் நதிக்கரையில் கூட்டத்தோடு நானும் நின்றேன். கூரையும் ஈயமும் எரிந்த அந்த மஞ்சள் புகையை மறக்க முடியாது. கோபுர ஊசி விழுந்தபோது எல்லோருக்கும் ஒரே மூச்சு நின்றது. எனக்கு மட்டும் "ஆர்கன், ஆர்கன்" என்றே மனசு அடித்துக்கொண்டது. ஆர்கன் இருப்பது மேற்கில், இரண்டு மணிக்கோபுரங்களுக்கும் நடுவே. நெருப்பு வடக்குக் கோபுரத்துக்குள் புகுந்துவிட்டது. அங்கிருந்த மரச்சட்டம் எரிந்து மணிகள் விழுந்தால் கோபுரமே சரியும், ஆர்கனும் போகும். அது தெரிந்தே உள்ளே ஏறிய தீயணைப்பு வீரர்களே, உங்களுக்கு நன்றி சொல்ல எந்த வார்த்தை போதும்?

ஆர்கன் எரியவில்லை. தண்ணீரும் பெரிதாகப் படவில்லை. ஆனால் உருகிய கூரையின் ஈயத்தூள் அதன் மேல் படிந்துவிட்டது. அந்த ஜூலையில் பாரிஸில் 42.6 டிகிரி வெயில். கூரையில்லாத கோயிலுக்குள் அந்தச் சூட்டையும் அது தாங்கியது. 5 கட்டை வரிசைகள், காலுக்கு ஒரு வரிசை, 115 ஸ்டாப்புகள் (ஒவ்வொன்றும் தனிக் குரல் உள்ள ஒரு குழாய் வரிசை), சுமார் 8,000 குழாய்கள். பெரியது பத்து மீட்டர் உயரம், சின்னது பென்சில் அளவு. 1733இல் தியெரி செய்தது, பிறகு கிளிக்கோ கை வைத்தது, 1868இல் கவாயே-கோல் புதுப்பித்தது என்று மூன்று நூற்றாண்டுக் கைகள் அதற்குள் இருக்கின்றன. 2020 ஆகஸ்டு 3 அன்று பிரிக்கத் தொடங்கி டிசம்பர் 9இல் முடித்தீர்கள். கத்தியோ, குவாரன், ரொபேர் சகோதரர்கள் ஆகிய பட்டறைகளின் கலைஞர்களே, ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, தூள் போகத் துடைத்து, காற்றுப்பெட்டிகளின் தோலை மாற்றியவர்கள் நீங்கள்.

தோல் என்றதும் ஒரு சின்ன விஷயம். அப்பாவின் ஆர்மோனியத் துருத்தியை ஊரில் ஒரு கடையில் சரிபார்க்கக் கொடுத்தோம். தோலுக்குப் பதில் ரெக்சின் ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றே மாதத்தில் மடிப்பு மடிப்பாக வெடித்துக் காற்று ஒழுகியது. அப்பா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் தோல் மாற்றும் வேலையின் அருமை எங்கள் வீட்டுக்குத் தெரியும். (ஆர்மோனியமே பாரிஸில் பிறந்ததுதான். 1840களில் இங்கே தெபேன் காப்புரிமை வாங்கிய கருவி, கல்கத்தா வழியாகக் கைத்துருத்தி வைத்துக்கொண்டு நம் பஜனை மடங்களுக்கும் கோயில்களுக்கும் வந்து சேர்ந்தது.)

சுருதி சேர்ப்பது எவ்வளவு வேலை என்று எனக்குக் காட்டியவர் வேறொருவர். எங்கள் புறநகர்ப் பங்கில் இருக்கும் சின்ன ஆர்கனைச் சரிபார்க்க வந்தார். உதவிக்கு வரவேண்டிய ஆள் அன்று வரவில்லை. "கட்டையை அழுத்திப் பிடிக்க முடியுமா?" என்றார். உட்கார்ந்தேன். அவர் மெல்லிய கம்பியோடு குழாய்களுக்குள் நுழைந்துகொண்டார். நான் ஒரு கட்டையை அழுத்துவேன். இரண்டு குழாய் சேர்ந்து ஒலிக்கும். ஒத்துப்போகாவிட்டால் 'வவ்வவ்வவ்' என்று அடிக்கும். அவர் குழாயின் தலையில் இருக்கும் வளையத்தை முடியளவு தட்டுவார். 'வவ்… வவ்…' என்று அடி மெதுவாகும். இன்னொரு தட்டு. அலை நின்று, இரண்டும் ஒன்றாகிவிடும். தம்பூராவில் நூலை நகர்த்த நகர்த்த ஜீவா, அந்த ரீங்காரம், சேரும் அதே நிமிஷம். "அடுத்தது" என்பார். குழாயைக் கையால் தொடமாட்டார். கைச்சூட்டில் சுருதி ஏறிவிடுமாம். வெளியே லாரி போனால் போகும்வரை காத்திருப்பார். இரண்டு மணி நேரத்தில் ஒன்றரை ஸ்டாப் முடிந்தது. ஐயா, அன்றைக்கு என் விரல் மரத்துப்போனதற்காகத் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டீர்கள். எனக்கு அது வரம்.

அதே வேலையைத்தான் 115 ஸ்டாப்புக்கும் நீங்கள் செய்தீர்கள், நோத்ர்தாம் கலைஞர்களே. பகலில் தச்சரும் கொத்தரும் இழைத்தும் செதுக்கியும் கொண்டிருக்க, கோயில் அமைதியாகும் இரவுகளில், சுமார் ஆறு மாதம். ஊர் தூங்கும்போது யாரோ ஒருவர் கட்டையை அழுத்திக்கொண்டிருந்தார், இன்னொருவர் மேலே "அடுத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த மடலே அந்த இரவுகளுக்காகத்தான்.

2024 டிசம்பர் 7. பேராயர் லொரான் உல்ரிக் "விழித்தெழு ஆர்கனே, புனிதக் கருவியே" என்று தொடங்கி எட்டு முறை அழைத்தார். எட்டு முறையும் ஆர்கன் பதில் சொன்னது. ஒலிவியே லத்ரி, வின்சென்ட் துபுவா, தியெரி எஸ்கேஷ், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த திபோ ஃபழோல் என அந்த ஆர்கன் கலைஞர்கள் நால்வரும் மாறி மாறி அந்தப் பதிலை அங்கேயே உண்டாக்கினார்கள். நான் வீட்டில் டிவியைப் பார்த்துக்கொண்டு, போனில் அப்பாவைப் பிடித்து வைத்திருந்தேன். புதுச்சேரியில் நடுநிசி தாண்டிவிட்டது. நாலாவது பதில் முடிந்ததும் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "காத்து நல்லா நிக்குது பார்."

கோயிலை மீட்கப் பணம் கொடுத்த, 150 நாடுகளைச் சேர்ந்த சுமார் 3,40,000 பேருக்கும் நன்றி. அதில் எங்கள் வீட்டு இருபது யூரோவும் எங்கோ இருக்கிறது.

கோயில் திறந்தபின் நான் போன முதல் ஞாயிறு, பூசை முடிந்து கூட்டம் கலைந்தது. மேலே கற்பனை வாசிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் ஏழெட்டுப் பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அடுத்த பூசைக்கு இடத்தை ஒழுங்கு பண்ண வந்த இளைஞர் எங்களைப் பார்த்தார், நாற்காலியை இழுக்கவில்லை. கடைசிச் சுரம் முடிந்து, எதிரொலியும் அடங்கும்வரை நாற்காலியின் முதுகில் கைவைத்தபடி நின்றார். தம்பி, உங்களுக்கும் நன்றி.

அன்புடன்,
புதுச்சேரி ஆர்மோனியக்காரர் வீட்டுப் பிள்ளை,
பாரிஸ்